வீல் பவரா, எஞ்சின் பவரா? வேலூரிலிருந்து டைனோவுக்குக் கிளம்பும் முன்

1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பெனி சொல்லும் பவர் 66 கிலோவாட். இதையே பிஎஸ் கணக்கில் 89.7 என்றும், பிஎச்பி கணக்கில் 88.5 என்றும் போடுவார்கள். மூன்றும் ஒன்றுதான். ஒரு பிஎஸ் 735.5 வாட், ஒரு பிஎச்பி 745.7 வாட். வண்டியின் பவரை அளக்கும் மெஷினுக்கு டைனோ என்று பெயர். அதன் காகிதத்தில் பிஎச்பியைப் பார்த்து, விளம்பரத்தாளில் பிஎஸ்ஸைப் பார்த்து, நடுவில் 1.2 காணவில்லையே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அந்த 1.2 எங்கேயும் போகவில்லை.

நிஜமாகவே காணாமல் போவது அதற்குப் பிறகுதான். இந்த வண்டியை, வீலைச் சின்ன உருளைகள்மேல் சுற்றவிடும் ரோலர் டைனோவில் ஏற்றி இறுகக் கட்டி ஓட்டினால் 75 பிஎச்பி காட்டலாம். பெரிய டிரம் வைத்த டைனோவில் 78, 79 வரும். வீலைக் கழற்றி, வீல் உட்காரும் அச்சு முனையான ஹப்பில் மாட்டும் டைனோவில் 83 வரும். மூன்று மெஷினும் சரியாகத்தான் அளக்கின்றன. வண்டியிலும் கோளாறு இல்லை. அளக்கும் இடம்தான் வேறு.

ஆகவே எந்த டைனோவுக்குப் போவது, அல்லது போகாமலே ரோட்டில் பார்த்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்வதற்கு முன், நடுவில் பவரை யார் தின்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

எஞ்சினிலிருந்து ரோலர் வரை

கிளட்ச் முழுசாகப் பிடித்திருந்தால் அங்கே இழப்பு கிடையாது. அடுத்தது கியர்பாக்ஸ். முன்வீல் ஓட்டமுள்ள சின்னக் கார்களில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். எந்த கியரில் போனாலும் ஒரு ஜோடிப் பல்சக்கரம், அதன்பின் ஃபைனல் டிரைவ் ஒரு ஜோடி. சாய்ந்த பல் வெட்டிய இந்தச் சக்கரங்களில் ஜோடிக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை போகும். இரண்டுக்கும் சேர்த்து மூன்று சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 88.5-இல் 2.6 போச்சு. இது மட்டும்தான் உண்மையில் ‘சதவீத’ இழப்பு. பல்லின்மேல் விழும் விசை கூடினால் இதுவும் கூடும்.

அடுத்தது எண்ணெய். பல்சக்கரம் கியர் ஆயிலை மோர் கடைவதுபோல் கடைந்துகொண்டே இருக்கிறது. பேரிங், ஆயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் முனைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும். இந்த இழப்பு வேகத்தையும் எண்ணெயின் கெட்டித்தன்மையையும் பார்த்து வருவது. எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது என்பது இதற்குப் பெரிய விஷயமில்லை. இந்த வண்டிக்கு இதை 3 பிஎச்பி என்று வைப்போம்.

கடைசியாக டயர். பெரும்பாலானவர்கள் கியர்பாக்ஸைத் திட்டுகிறார்கள். ரோலர் டைனோவில் அதிகம் தின்பது டயர்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்வீல் இரண்டும் தாங்கும் எடை 520 கிலோ. சமதரையில் உருள் எதிர்ப்புக் கெழு 0.012. எதிர்ப்பு விசை 61 நியூட்டன். நாலாவது கியரில் 160 கிலோமீட்டர் வேகத்தில் இது 2.7 கிலோவாட், அதாவது 3.6 பிஎச்பி.

தார் ரோடு தட்டை. ரோலர் உருண்டை. உருண்டைமேல் உட்காரும் டயர் அதிகம் அமுங்கி, அதிகம் நெளிந்து, அதிகம் சூடாகும். டயரின் ஆரத்தை ரோலரின் ஆரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை மடங்கு கூடுகிறது என்று தோராயமாகத் தெரியும். 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள டயர், சுமார் 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்ன ரோலர்மேல் உருண்டால் 1.7 மடங்கு. 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய டிரம்மானால் 1.2 மடங்கு. ஆக, அந்த 3.6 பிஎச்பி சின்ன ரோலரில் 6.2 ஆகிறது, பெரிய டிரம்மில் 4.4.

இதோடு நிற்பதில்லை. வண்டி துள்ளாமலிருக்க முன்பக்கத்தைக் கீழ்நோக்கி இழுத்து பெல்ட் போடுகிறார்கள். அந்த பெல்ட் 150 கிலோ அழுத்தம் கொடுத்தால் டயருக்கு வண்டியின் எடை 670 கிலோ ஆகிவிட்ட மாதிரி. சின்ன ரோலரில் டயர் இழப்பு 8 பிஎச்பிக்குப் போய்விடும். காலையில் ஒருவர் கட்டி ஓட்டி, மதியம் இன்னொருவர் பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டை இரண்டு பல் கூடுதலாக இழுத்துக் கட்டினால் ஒரு பிஎச்பி காணாமல் போகும். அதற்கு எஞ்சினைக் குறை சொல்லி என்ன பயன்?

கூட்டிப் பாருங்கள். சின்ன ரோலரில் 2.6, 3, 8 சேர்ந்து 13.6 போய் 75. பெரிய டிரம்மில், பெல்ட்டை அளவாகக் கட்டினால், 10 போய் 78.5. ஹப் டைனோவில் டயரே இல்லை; 5.6 மட்டும் போய் 83. முதலில் சொன்ன மூன்று எண்கள் இப்படி வந்தவைதான்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். இழப்பே இல்லாத டிரைவ்டிரெயின் (எஞ்சின் பவரை வீலுக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) என்று யாராவது விற்க வந்தால் அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரிப் பின்வீல் வண்டிகளில் கதை கொஞ்சம் மாறும். பின் ஆக்ஸிலில் இருக்கும் ஹைப்பாய்டு பல்சக்கரம் ஒன்றையொன்று சறுக்கிக்கொண்டே தள்ளுவது. அதனால் அங்கே மட்டும் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை போகும். அதற்குப் பதிலாக, நேர் கியரில், அதாவது விகிதம் ஒன்றுக்கு ஒன்று உள்ள கியரில், கியர்பாக்ஸுக்குள் பல்லின்மேல் சுமையே விழாது. பின்வீல் வண்டியை எப்போதும் அந்த கியரில் ஓட்டி அளக்கச் சொல்வதற்கு அதுதான் காரணம். ஏஎம்டி என்ற வகை ஆட்டோமேட்டிக் வண்டியில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் மெஷின், அவ்வளவுதான். இழப்பும் மேனுவலைப் போலத்தான். கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகப் பவரைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில், அது பூட்டிக்கொள்ளாத நேரத்தில் வழுக்கும், அதன் எண்ணெய் பம்பும் தனியாகத் தின்னும்.

“பதினஞ்சு பர்சென்ட் போயிடும் சார்”

எந்த டைனோவுக்குப் போனாலும் இந்த வாக்கியம் காதில் விழும். வீல் பவரை 0.85-ஆல் வகுத்து ‘எஞ்சின் பவர்’ என்று கொடுத்துவிடுவார்கள். சின்ன ரோலர், இறுகிய பெல்ட், 90 பிஎச்பி வண்டி என்றால் அது தற்செயலாகப் பொருந்தும். மேலே நாம் பார்த்ததும் 15.4 சதவீதம்தான். அந்த ஒரு நிலையைவிட்டு நகர்ந்தால் கணக்கு தப்பு.

ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றிப் பவர் ஏற்றிய, டர்போ வண்டியில் இது நன்றாகவே தெரியும். எஞ்சினில் 110 இருந்தது 140 ஆனது என்று வைப்போம். டயரும் எண்ணெயும் தின்னும் 11 பிஎச்பி மாறாது. பல்சக்கரத்தின் மூன்று சதவீதம் மட்டும் 3.3-இலிருந்து 4.2 ஆகும். வீலில் முன்பு 95.7, இப்போது 124.8. முன்பு இழப்பு 13 சதவீதம், இப்போது 10.9. இந்த இரண்டையும் 0.85-ஆல் வகுத்தால் 112.6, 146.8. ஏறியது 34 என்று காகிதம் சொல்லும். உண்மையில் ஏறியது 30. ரீமேப் போட்டவருக்கு இந்த வகுத்தல் இனிக்கும். காசு கொடுத்தவர் வீல் பவர் வித்தியாசத்தை, அதாவது 29-ஐ மட்டும் பார்ப்பதே நியாயம்.

சிலர் வகுக்காமல் பெருக்குகிறார்கள். 75-ஐ 1.15-ஆல் பெருக்கினால் 86.3, 0.85-ஆல் வகுத்தால் 88.2. இழப்பு எஞ்சின் பவரின் பங்கு என்றால் வகுப்பதுதான் சரி. எந்த முறையில் போட்டார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சில ரோலர் டைனோக்கள் இன்னொரு வழி வைத்திருக்கின்றன. உச்ச ஆர்பிஎம் தொட்டதும் கிளட்ச்சை மிதித்து, கியரிலேயே விட்டு, ரோலர் தானாக வேகம் குறைவதை அளந்து, அதை இழப்பாகக் கூட்டுவார்கள். பொத்தாம்பொதுவான 15-ஐவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் டயரும் எண்ணெயும் அதில் அகப்பட்டுக்கொள்கின்றன. ஆனால் அந்த நேரத்தில் பல்லின்மேல் எஞ்சினின் சுமை இல்லை. அதனால் அந்த மூன்று சதவீதம் இதில் சிக்காது. இப்படி வரும் எஞ்சின் பவர் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ரோலர் டைனோ

ரீமேப், எக்ஸாஸ்ட், ஃபில்டர் எதையாவது மாற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிபந்தனை ஒன்று உண்டு: ஒரே மெஷின், ஒரே நாள், ஒரே டயர் அழுத்தம், ஒரே கியர், ஒரே பெல்ட் இறுக்கம். இழப்பு எவ்வளவாக இருந்தாலும் இரண்டு ஓட்டத்திலும் அதேதான் இருக்கும், கழித்தால் மறைந்துவிடும்.

ரோலரிலும் இரண்டு வகை. ஒன்று, கனமான டிரம்மைச் சுழற்றி, அது எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்று பார்த்து பவர் சொல்வது. மற்றது, மின்காந்த பிரேக் போட்டு, சொன்ன ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தி அளப்பது. டியூனிங் வேலைக்குப் பிரேக் உள்ளதே உதவும், ஏனென்றால் 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்திவைத்து எரிபொருளைச் சரிசெய்யலாம். டிரம் வகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஞ்சின், கிளட்ச், வீல் எல்லாவற்றையும் சுழற்றி வேகமேற்றவும் பவர் செலவாகிறது. கனமான வீலைக் கழற்றி லேசான அலாய் போட்டால் பவர் கூடிவிட்டதுபோல் காட்டும். எஞ்சினில் ஒன்றும் கூடியிருக்காது. குறைந்த கியரில் ஓட்டினால் இந்தச் செலவு இன்னும் பெரிசாகும்.

காகிதத்தில் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) எண் விசித்திரமாக இருந்தால் முதலில் ஆர்பிஎம் எடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். ரோலரின் விசையையும் வேகத்தையும் பெருக்கினால் பவர்; அதற்கு கியர் விகிதம் தெரியவேண்டியதில்லை. டார்க்குக்கு ஆர்பிஎம் வேண்டும்: கிலோவாட்டை 9,549-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுப்பார்கள். வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட்டிலிருந்து ஆர்பிஎம் எடுக்காமல் வேகத்திலிருந்து கணித்து, அந்தக் கணிப்பு பிசகினால், பவர் சரியாகவும் டார்க் தப்பாகவும் வரும்.

தானாகவே நாலு வீலுக்கும் பவர் போகும் வண்டியை இரண்டு வீல் ரோலரில் ஏற்றவே கூடாது. நடுவில் இருக்கும் கப்ளிங் சூடேறிக் கெட்டுப்போகும்.

ஹப் டைனோவும் எஞ்சின் டைனோவும்

ஹப் டைனோவில் டயர் வழுக்காது, பெல்ட் பிரச்சினை இல்லை, ஒரே வண்டியை மறுபடி மறுபடி ஓட்டினாலும் எண் ஆடாது. 200 பிஎச்பிக்கு மேல் போன வண்டி ரோலரில் வழுக்க ஆரம்பிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு இது தேவைக்கு மிஞ்சியது. இதில் வந்த 83-ஐ நண்பரின் ரோலர் 75-உடன் ஒப்பிட்டு மார்தட்டக்கூடாது, அவ்வளவுதான்.

எஞ்சினைக் கழற்றி பெஞ்சில் மாட்டி அளப்பது கம்பெனி வேலை. விளம்பரத்தாளில் வரும் எண் இப்படி வருவதுதான். ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் மாதிரி இடங்கள் சான்றிதழ்ச் சோதனைக்கானவை. பந்தய எஞ்சின் கட்டாதவர்களுக்கு இந்த வழி தேவையே இல்லை. பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் ஒற்றை சிலிண்டர் பெஞ்சில் உங்கள் கார் எஞ்சினை மாட்டித் தரச் சொல்லி நிற்காதீர்கள்.

ரோட்டில் அளப்பது

காசு செலவில்லை, டயர் தட்டையான தார்மேல் ஓடுகிறது, காற்று எஞ்சினுக்கு இயல்பாகக் கிடைக்கிறது. இதில் வரும் எண்ணை ஒழுங்காக எடுத்தால் ரோலரோடு போட்டிபோடும். ஒழுங்காக எடுப்பவர்கள் குறைவு.

முதலில் எடை. விளம்பரத்தாளில் உள்ள எடையை நம்பாதீர்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம், நெடுஞ்சாலை ஓரங்களில் எல்லாம் லாரி எடை மேடை இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்தபடியே, டேங்கில் இருக்கும் பெட்ரோலோடு ஏற்றி எடை போடுங்கள். பெரிய எடை மேடை பத்துக் கிலோ படியில்தான் காட்டும். ஆயிரம் கிலோ வண்டிக்கு அது ஒரு சதவீதம், போதும். 1,060 கிலோ வந்தது என்று வைப்போம்.

அடுத்து, நொடிக்குப் பத்து முறையாவது வேகம் பதியும் ஜிபிஎஸ் கருவி. போனில் உள்ள ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் தரும், இதற்குப் பற்றாது. இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்துங்கள். இரண்டாவது கியர் ஏன்? உச்சத்தைத் தொட்டாலும் வேகம் 86 கிலோமீட்டரோடு நின்றுவிடும். மூன்றாவதில் 128 ஆகிவிடும், பொதுச் சாலையில் அது குற்றம். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் பொது ஓட்ட நாள் கிடைத்தால் மூன்றாவது கியரை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

72 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது, அதாவது 5,000 ஆர்பிஎம் அருகே, வண்டியின் முடுக்கம் நொடிக்கு நொடி 2.0 மீட்டர் என்று பதிவானால் கணக்கு இப்படி. இரண்டாவது கியரின் மொத்த விகிதம் சுமார் 7.8. அந்த கியரில் சுழலும் பாகங்களால் வண்டி 19 சதவீதம் கனமானது போல் நடந்துகொள்ளும். 1,060 × 1.19 × 2.0 என்றால் 2,523 நியூட்டன். காற்றின் எதிர்ப்பு சுமார் 148, நாலு டயரின் உருள் எதிர்ப்பு 125. மொத்தம் 2,796 நியூட்டன். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தால் பெருக்கினால் 55.9 கிலோவாட், அதாவது 75 பிஎச்பி. உருள் எதிர்ப்பையும் கூட்டிவிட்டதால் இது ஹப் டைனோ எண்ணுக்குச் சமம். அதுவும் 5,000 ஆர்பிஎம்மில். உச்ச பவர் இன்னும் மேலே இருக்கும்.

அந்த 19 சதவீதத்தை மறந்தால் 64 என்று வரும். பதினொரு குதிரை மாயம். பல செயலிகள் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்த எதிரி சரிவு. நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. அது 104 நியூட்டன், இந்த வேகத்தில் 2.8 பிஎச்பி. நாற்கரச் சாலையில் பாலத்துக்குப் பாலம் ஏறி இறங்கும் இடங்களில் எடுத்த பதிவைக் குப்பையில் போடலாம். ஒரே நீட்டத்தில் போகவும் வரவும் மூன்று மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தால் சரிவு தானே அடித்துக்கொண்டு போகும். காற்று முழுசாக அடித்துக்கொள்ளாது. ஆகவே இலை அசையாத விடியற்காலைதான் நேரம்; சாலையும் அப்போது காலியாக இருக்கும்.

ஓபிடி செயலியில் வரும் ‘குதிரைத்திறன்’ பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றை நேராக அளக்கும் சென்சார் உள்ள பெட்ரோல் வண்டியானால், நொடிக்கு ஒரு கிராம் காற்றுக்கு சுமார் 1.25 பிஎச்பி என்று ஒரு மதிப்பீடு போடலாம். 70 கிராம் என்றால் 88. டிரைவ்டிரெயின் இழப்பு இதில் நுழையவே நுழையாது என்பது அழகு. ஆனால் நம் சின்னக் கார்கள் பலவற்றில் அந்த சென்சார் இல்லை. அழுத்த சென்சாரிலிருந்து செயலி ஊகிக்கிறது. டீசலுக்கு இந்த மதிப்பீடு பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் அது தேவைக்கு மேல் காற்றை இழுப்பது.

சென்னையா, பெங்களூரா?

வேலூர்க்காரர்களுக்கு மட்டுமே வரும் கேள்வி இது. 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் போனால் சென்னை, கடல் மட்டம். மேற்கே சுமார் 210 கிலோமீட்டர் போனால் பெங்களூர், 900 மீட்டருக்கு மேல் உயரம். நாம் 200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டி நடுவில் இருக்கிறோம்.

டைனோ மென்பொருள் அன்றைய காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்து ஒரு திருத்தக் கெழுவால் பெருக்கும். ஐஎஸ்ஓ 1585 முறையில் அடிப்படை 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்காற்று. பெட்ரோலுக்கு: 99-ஐ அன்றைய உலர்காற்று அழுத்தத்தால் வகுத்து 1.2 அடுக்கு, கெல்வின் வெப்பத்தை 298-ஆல் வகுத்து 0.6 அடுக்கு, இரண்டையும் பெருக்கினால் கெழு. இந்தக் கெழு 0.93-க்கும் 1.07-க்கும் இடையில் இருந்தால்தான் அந்த முறையே செல்லும்.

சென்னையில் 33 டிகிரி, உலர்காற்று 98 கிலோபாஸ்கல் என்றால் கெழு 1.03. பெங்களூரில் 27 டிகிரி, 89 கிலோபாஸ்கல் என்றால் 1.14. எல்லையைத் தாண்டிவிட்டது. டர்போ இல்லாத வண்டியில், திருத்திய எண் 80 என்றால், திருத்தாத எண் சென்னையில் 78, பெங்களூரில் 70. டிரைவ்டிரெயின் தின்றது என்று பலர் புலம்பும் அளவு, ஓசூர் ஏற்றத்திலேயே போய்விடுகிறது.

டர்போ வண்டிக்கு எதிர்ப்பக்கத் தப்பு நடக்கும். காற்று மெலிந்தாலும் டர்போ கூடுதலாகச் சுழன்று பூஸ்டைக் காப்பாற்றிக்கொள்ளும். இழப்பு சொற்பம். அதன் 92 பிஎச்பியையும் அதே 1.14-ஆல் பெருக்கினால் 105 வந்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று குதிரை காகிதத்தில் மட்டும் ஓடும். ஆகவே டர்போ வண்டிக்குத் திருத்தாத எண்ணையும் சேர்த்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். மென்பொருளில் ‘எஸ்டிடி’ என்ற பழைய திருத்தம் தேர்வாகியிருந்தால் எஸ்ஏஇ என்ற இன்னொரு திருத்தத்தைவிட சுமார் நான்கு சதவீதம் கூடவே காட்டும். முன் ஓட்டம் ஒன்றிலும் பின் ஓட்டம் இன்னொன்றிலும் அச்சிட்ட காகிதங்களை நம்பி வாங்கியவர்கள் பாவம்.

விளம்பரத்தாள் எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் சென்னை. நல்ல டியூனர் பெங்களூரில் இருக்கிறார் என்றால் பெங்களூருக்கே போங்கள், ஆனால் முன்னும் பின்னும் இரண்டு ஓட்டமும் அங்கேயே. ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே என்று மட்டும் வேண்டாம்.

நம் ஊர் வெயிலும் சும்மா இல்லை. மே மாதம் 42 டிகிரியில், உலர்காற்று 95.5 கிலோபாஸ்கல் என்றால் கெழு 1.08. ஜனவரிக் காலை 22 டிகிரியில் 97 என்றால் 1.02. திருத்திய 80 பிஎச்பி வண்டி, மே மதியம் 74, ஜனவரியில் 78.5. கத்திரி வெயிலில் காட்பாடி மேம்பாலத்தில் வண்டி இழுக்கவில்லை என்று ஃபில்டர் மாற்ற ஓடுபவர்கள் இதை ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

இழப்பு மாதிரி நடிக்கும் கோளாறுகள்

பழைய வண்டி இழுவை குறைந்துவிட்டது என்பதுதான் உங்கள் சந்தேகம் என்றால் டைனோவுக்குப் போவதற்கு முன் ஒரு ஜாக்கி போதும். முன்வீலைத் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். பேடு லேசாக உரசும் சத்தத்தோடு வீல் எளிதாகச் சுற்றினால் சரி. ஒரு சுற்றுக்கூட வராமல் பிடித்து நின்றால், பேடை அழுத்தும் காலிபர் நகர உதவும் ‘பின்’ என்ற கம்பி பெரும்பாலும் இறுகியிருக்கும். பாலாற்று மணலும் தூசியும் போகும் சாலைகளில் ரப்பர் உறை கிழிந்தால் அந்தக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பியைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவி, புது உறை போடுங்கள். சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு வீல் நடுவையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் எது கூடுதல் சூடு என்று தெரிந்துவிடும், தொடவேண்டாம்.

கிளட்ச் வழுக்குவதும் ‘டிரைவ்டிரெயின் இழப்பு’ வேஷம் போடும். பதிவில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே கியரில் அந்த விகிதம் ஆரம்பம் முதல் கடைசிவரை மாறக்கூடாது. உச்ச டார்க் வரும் இடத்தில், 4,000, 4,500 ஆர்பிஎம் அருகே, அது மேலே எகிறி, பிறகு இறங்கினால் கிளட்ச்சோ டயரோ வழுக்குகிறது. ரோலரில் கறுப்புத் தூளும் ரப்பர் நாற்றமும் வந்தால் டயர். கருகிய நாற்றம் உள்ளே வந்தால் கிளட்ச். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அரைக் கிளட்ச்சிலேயே ஏறிப் பழகியவர்களின் வண்டியில் இரண்டாவதுதான் அதிகம்.

கியர் ஆயிலில் சாமர்த்தியம் காட்டவேண்டாம். கையேட்டில் 75டபிள்யூ-80 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். கெட்டியான 80டபிள்யூ-90 ஊற்றினால் கடையும் செலவு கூடும், காலையில் கியரும் கடினமாக விழும். பின் ஆக்ஸிலுக்கான ஜிஎல்-5 ஆயிலை, அதை ஏற்காத கியர்பாக்ஸில் ஊற்றினால் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும்.

டைனோ நாளில்

டயர் அழுத்தத்தை டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியுள்ள அளவுக்கு, குளிர்ந்த டயரில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேலூரிலிருந்து ஓட்டிப்போவதில் ஒரு லாபம்: கியர் ஆயில் ஏற்கெனவே நன்றாகச் சூடாகியிருக்கும். அங்கே போய் மூன்று மணி நேரம் காத்திருந்தால் அந்த லாபம் போய்விடும். முதல் ஓட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடம் மறுபடி ஓட்டிச் சூடேற்றுங்கள். ஏசியை அணையுங்கள். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பி இருந்தால் அதையும். பின்வீல் நிற்க முன்வீல் மட்டும் சுற்றுவதைப் பார்த்து அது எரிபொருளை வெட்டிவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியை மேனுவல் மோடில் போட்டு ஓட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவில் கியரை இறக்கிவிடும்.

மூன்று ஓட்டம். முதலாவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிடம் விசிறிக் காற்று. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தை ஓபிடியில் பார்த்து, முன் ஓட்டத்துக்கும் பின் ஓட்டத்துக்கும் ஐந்து டிகிரிக்குள் வைத்திருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு சதவீதத்துக்குமேல் வேறுபட்டால் நாலாவது ஓட்டம் கேளுங்கள்.

வெளியே வரும்போது அச்சிட்ட படம் மட்டும் போதாது. வீல் பவர், திருத்திய எண், திருத்தாத எண், கெழு, அன்றைய அழுத்தமும் வெப்பமும், எந்த கியர் என்ற விவரம் எல்லாம் இருக்கும் மூலக் கோப்பை பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு எக்ஸாஸ்ட்டோடு வரும்போது அதன்மேல் புதிய கோட்டை வரைந்து பார்க்க அந்தக் கோப்புதான் வேண்டும்.